காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்

34 வருடம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் திருமணத் தேதியும் ஞானஸ்நானச் சான்றிதழும்தான் கேட்டார்கள். உண்மையான கேள்விகள் இப்போதுதான் வருகின்றன. இந்த மாதக் கடிதங்களில் ‘கடமை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, பக்கவாதத்தில் படுத்த என் மாமியாரை ஏழு மாதமாக நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். ஆராதனைக்குப் போக முடியவில்லை. சபை மூப்பர் ஒருவர் தொலைபேசியில் எபிரெயர் 10:25-ஐ வாசித்துக் காட்டி, “சபை கூடிவருதலை விடுவது பாவம்” என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

பதில்: அம்மா, மூப்பர் வாசித்தது நல்ல வசனம்தான். ஆனால் பாதியிலிருந்து வாசித்திருக்கிறார். அந்த வாக்கியம் 24-ஆம் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது: “அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து...” என்று. கவனிப்பது முதலில், கூடிவருவது அதன் தொடர்ச்சி. இந்த ஏழு மாதத்தில் உங்கள் வீட்டுப் படியேறி உங்களைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் நான் கேட்கிறேன்.

அவரை ரொம்பவும் திட்ட எனக்கு உரிமை இல்லை. நானும் இதைச் செய்தவன்தான். ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருடம், வருகைப் பதிவேட்டில் ஓர் அம்மாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ‘தொடர்ச்சியாக வருவதில்லை’ என்று எழுதினேன். பிறகு கண்டிக்கும் எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். கணவரின் படுக்கைப்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “உட்காருங்கள் ஐயா, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்” என்றார். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. அந்த நாற்பது நிமிடமும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன், எழுந்துபோய் உதவவில்லை. சிவப்பு மையைவிட அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவரைத்தான் நாம் ஆராதிக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு திருப்பலி கண்டிப்பான கடமை. அங்கேகூட நோய், கைக்குழந்தைப் பராமரிப்பு போன்ற தக்க காரணம் இருந்தால் விலக்கு உண்டு என்று அவர்களுடைய மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு, ஏறத்தாழ கி.பி. 155-ல், ரோமாபுரியில் வாழ்ந்த ஜஸ்டின் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதி விளக்கினார். வேதம் வாசிப்போம், ஜெபிப்போம், அப்பமும் திராட்சரசமும் பகிர்வோம், வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று அதில் இருக்கிறது. வராதவர்களின் பெயரை எழுதிவைப்பார்கள் என்று இல்லை. அன்று சேரும் காணிக்கை திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும் என்றும் எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் ஏழு மாதமாகக் கடமை தவறியது உங்கள் சபை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் போதகரிடம் நேராகச் சொல்லுங்கள்: திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது அத்தையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆளை அனுப்புங்கள், நானும் ஆராதனைக்கு வர வேண்டும் என்று. கூச்சப்படாதீர்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல. அந்த ஆள் மூப்பராகவே இருந்தால் ரொம்ப நல்லது.

கேள்வி: தசமபாகத்தைப் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, மொத்தச் சம்பளத்திலா? மொத்தத்தில் கொடுப்பதற்காக அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பிவந்த பணத்தை இப்போது நிறுத்தியிருக்கிறேன். தேவன் என் மனதை அறிவார்.

பதில்: தம்பி, கேள்விக்கான பதில் இரண்டு வரியில் முடியும். வேதத்தில் ‘பிடித்தம் போக’ என்றும் இல்லை, ‘மொத்தம்’ என்றும் இல்லை. நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், தசமபாகம் நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் எடுக்கப்பட்டது. அதை ஆலயப் பணி செய்த லேவியர் பெற்றார்கள். அவர்களும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். உபாகமம் 14-ஐத் திறந்தால், கொண்டுபோன தசமபாகத்தைக் குடும்பத்தோடு தேவசந்நிதியில் புசித்துச் சந்தோஷப்படு என்றும், மூன்றாம் வருடத்துப் பங்கைப் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் வை என்றும் இருக்கிறது. இந்தப் பகுதியைத் தசமபாகப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் சதவீதம் எதுவும் குறிக்கவில்லை. “தன்தன் வரவுக்குத் தக்கதாக” என்று எழுதினார்.

என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் அடுத்த வரிதான். அப்பாவுக்கு அனுப்பியதை நிறுத்தியிருக்கிறீர்கள்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு சொல் வருகிறது. காணிக்கை என்று பொருள். ஒருவன் தன் தாய் தகப்பனைப் பார்த்து, “என்னிடமிருந்து உமக்கு வரவேண்டிய உதவியைக் கொர்பான் ஆக்கிவிட்டேன்” என்று சொல்லிவிட்டால் போதும், பிறகு அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அன்றைய மதத் தலைவர்கள் விட்டுவிட்டார்கள். அவர்களைப் பார்த்து இயேசு, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். வருமானவரி ஏய்ப்பைப் போல இது ஒரு கடமை ஏய்ப்பு. ஆனால் பக்தியின் பெயரில் நடப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கைதட்டுவார்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் “அவிசுவாசியிலும் கெட்டவன்” என்று தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில் பவுல் சொல்கிறாரே, அதைவிடக் கடுமையாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஆகவே அப்பாவின் பணத்தை இந்த மாதமே மறுபடி அனுப்பத் தொடங்குங்கள், விட்டுப்போன மாதங்களையும் சேர்த்து. மீதியில் உங்களால் உற்சாகமாக எவ்வளவு முடியுமோ அதைச் சபைக்குக் கொடுங்கள். அது பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், ஐம்பதில் ஒன்றாகவும் இருக்கலாம்.

ஒற்தலாம் (புதினா வகை), வெந்தயம், சீரகம் ஆகியவற்றில்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை மத்தேயு 23-ல் இயேசு கண்டிக்கிறார். (கிரேக்க மூலத்தில் இருப்பது சதகுப்பை, நம் பழைய மொழிபெயர்ப்பு வெந்தயம் என்கிறது. எதுவானாலும் கையில் கொஞ்சமாக அடங்குகிற பொருள்.) அவற்றையும் விடாதே, இவற்றையும் செய் என்றுதான் அவர் முடிக்கிறார். தசமபாகம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: கத்தோலிக்கத் தோழி ‘நான்காம் கட்டளை’ என்கிறாள், நான் அதையே ‘ஐந்தாம் கட்டளை’ என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரி. பெற்றோரைக் கனம்பண்ணுவதைத்தானே சொல்கிறீர்கள். ‘வேறே தேவர்கள் வேண்டாம்’ என்பதையும் ‘விக்கிரகம் வேண்டாம்’ என்பதையும் ஒன்றாக எண்ணினால் அது நான்காவது; கத்தோலிக்கரும் லூத்தரன்களும் பழைய சபை அறிஞர் அகுஸ்தீன் வழியில் அப்படி எண்ணி, கடைசியில் இச்சையை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் முதலிலேயே பிரித்துவிடுகிறோம். எப்படி எண்ணினாலும் ஒரு வரியும் குறையாது.

பழைய மொழிபெயர்ப்பில் இவற்றுக்குப் பெயர் ‘கற்பனைகள்’, கற்பிக்கப்பட்டவை என்ற பொருளில். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் எழுந்து, “ஐயா, பத்துமே கற்பனைதானா?” என்று கேட்டான். நான் சிரிக்காமல் பதில் சொல்லச் சிரமப்பட்டேன். ஊரில் பாதிப் பேர் அப்படி நினைத்துத்தான் நடந்துகொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: என் மகன் பிறந்த மூன்றாம் நாள் மூச்சுவிடத் திணறினான். “பிழைத்தால் உமக்கு ஊழியனாகத் தருகிறேன்” என்று பொருத்தனை பண்ணினேன். பிழைத்தான். இப்போது 19 வயது. பொறியியல்தான் படிப்பேன், இறையியல் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்கிறான். பொருத்தனை மீறப்பட்டால் அவனுக்குத் தீங்கு வருமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: அம்மா, அந்த மூன்றாம் நாள் ராத்திரியில் நீங்கள் சொன்னதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. ஆனால் தேவன் அடகு பிடிக்கிறவர் அல்ல. 19 வருடம் கழித்து வட்டியோடு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பற்றி நான் ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை.

லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். ஒரு மனிதனையே பொருத்தனையாக நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அங்கே பேச்சு. அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு மதிப்பைச் செலுத்தலாம். உங்கள் மகன் வயது ஆண்பிள்ளைக்கு 20 சேக்கல் வெள்ளி. 20 வயது ஆகிவிட்டால் 50. அதைக் கொடுக்க முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் அவனுடைய “திராணிக்கேற்றபடி” மதிப்பைக் குறைக்க வேண்டும். சேக்கல் கணக்குப் போட்டுக் கட்டிவிட்டால் முடிந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவசரத்தில் மனிதர்கள் இப்படி நேர்ந்துகொள்வார்கள் என்று மோசேயின் சட்டத்துக்கே தெரிந்திருந்தது, அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். போரில் ஜெயித்தால் என் வீட்டிலிருந்து எனக்கு எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொண்டான் யெப்தா; வந்தது அவன் மகள். அந்த வழியை அவனுக்கு நினைவுபடுத்த ஒருவரும் வரவில்லை. அந்தப் பெண் தன் தோழிகளோடு மலைகளில் அழுத இரண்டு மாதத்தில் யாராவது வந்திருக்கலாம்.

அன்னாளைச் சொல்வீர்கள். சரி, அன்னாள் சாமுவேலைக் கொண்டுபோய் விட்டாள். ஆனால் தேவன் அவனுடைய பெயரைச் சொல்லி அவனையே கூப்பிட்டார், “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று சொன்னதும் அவன்தான். அம்மாவின் பொருத்தனை அவனை ஆலய வாசல்வரைதான் கொண்டுவந்தது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல, ஆனால் இதில் அவர்களோடு நிற்கிறேன்.

என்னோடு இறையியல் படித்தவர்களில் இரண்டு பேர் அம்மாவின் பொருத்தனையால் வந்தவர்கள். ஒருவன் மூன்றாம் வருடம் சொல்லாமல் ஓடிப்போனான். இன்னொருவன் கடைசிவரை ஊழியத்தில் இருந்தான், கடைசிவரை கோபத்தோடு. அவன் போன இடமெல்லாம் சபைகள் அந்தக் கோபத்தைத் தின்றன. ஓடிப்போனவனே நல்லவன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பொருத்தனை உங்களுடையது, அதனால் உங்கள் கையால் நிறைவேற்றுங்கள். பிறந்த குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவின் வெளியே, நீங்கள் அன்று நின்றதுபோல, இன்று நிற்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு போய் உட்காருங்கள். அப்புறம், மகனிடம் “உனக்காகத்தான் பொருத்தனை பண்ணினேன்” என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பார்த்து, அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

கேள்வி: எனக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறேன். தவக்காலத்தில் உபவாசிக்காவிட்டால் குற்றமா?

பதில்: குற்றம் இல்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவீர்கள். பிறகு உங்களைச் சுமக்கிற உபவாசம் உங்கள் வீட்டாருக்கு. உபவாசத்தைக் கடமையாக வைத்திருக்கிற கத்தோலிக்கத் திருச்சபைகூட அதை 18 வயதுமுதல் 59 வயது நிறையும்வரைதான் வைத்திருக்கிறது, அதுவும் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும். ஏசாயா 58-ஐ வாசியுங்கள். பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொடுப்பதே உபவாசம் என்று அங்கே இருக்கிறது. அந்த உபவாசத்துக்கு ரத்தச் சர்க்கரை ஒரு தடையே அல்ல.

கேள்வி: என் அண்ணன் அப்பாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு என் பங்கு வீட்டை விற்றுவிட்டார். வழக்குத் தொடுத்திருக்கிறேன். சபைப் பெரியவர்கள், “ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும், வழக்கை வாபஸ் வாங்கு” என்கிறார்கள். அண்ணன் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: அந்த முன்வரிசையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

மத்தேயு 5-ல் பலிபீடத்தின்முன் காணிக்கையோடு நிற்கிறவனுக்கு ஒரு நினைவு வருகிறது. என்ன நினைவு? “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று.” கவனியுங்கள், அவனுக்குச் சகோதரன்மேல் குறை இல்லை. சகோதரனுக்கு அவன்மேல் குறை. அதாவது தப்புச் செய்தவனுக்கு வந்த நினைவு அது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற கட்டளை அவனுக்குத்தான். உங்கள் பெரியவர்கள் இதை வாசித்துக்காட்ட வேண்டியது அண்ணனுக்கு. அதை விட்டுவிட்டு, நிற்கிறவனை விடு, இழந்தவனைப் பிடி என்று உங்களிடம் வந்திருக்கிறார்கள். உங்களிடம் பேசுவது சுலபம் போலிருக்கிறது.

ஆயக்காரனான, அதாவது வரி வசூலிப்பவனான, சகேயு என்ன செய்தான்? பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக. வஞ்சித்து எடுத்ததை ஒத்துக்கொண்டு திருப்பினால், முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் போதும் என்றது சட்டம். நாலத்தனை, ஆட்டைத் திருடித் தின்றவன் கட்ட வேண்டிய கணக்கு. அவன் தன்னைத் திருடன் வரிசையிலேயே வைத்துக்கொண்டான். “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்ற வார்த்தை அதற்குப் பிறகு வருகிறது. அவனிடம் ஏமாந்தவர்களைக் கூப்பிட்டு, போனால் போகட்டும் என்று சொல்லி இயேசு அனுப்பவில்லை.

இனி உங்கள் பக்கம். மாற்கு 11:25 உங்களுக்கு: ஜெபிக்க நிற்கும்போது ஒருவன்மேல் உங்களுக்குக் குறை உண்டானால் மன்னியுங்கள். இதிலிருந்து தப்ப வழியில்லை. மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்ன உவமையில், ராஜா கடனை மன்னித்துவிட்ட பிறகும் உடன் வேலைக்காரனை மன்னிக்காத பதினாயிரம் தாலந்து கடனாளி வருகிறானே, ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆக 6 கோடி வெள்ளிப்பணம், அதாவது 6 கோடி நாள் கூலி. அவனிடம் உடன் வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். அற்பக் காசு என்று பிரசங்கிகள் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அற்பம் அல்ல. நூறு நாள் உழைப்பு. உங்கள் வீடும் அற்பம் அல்ல. நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்வது மன்னிப்பாகாது, பொய்யாகும்.

மன்னிப்பதும் பங்கைக் கேட்பதும் ஒரே மனதில் இருக்க முடியும். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: நாளைக்கே அண்ணன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சிறைக்கும் போகாமல், சபையிலும் மானமாக இருந்தால் உங்களுக்குத் திருப்தியா, ஏமாற்றமா? ஏமாற்றம் என்றால் நீங்கள் கேட்பது பங்கை அல்ல. அதற்குப் பெயர் பழி, அது உங்களுடையது இல்லை என்று ரோமர் 12 சொல்கிறது.

வழக்கு விஷயம்: கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியதைப் பவுல் கண்டித்தது உண்மை. அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டார். கூடவே, சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்றும் கேட்டார். ஆகவே பெரியவர்களிடம் சொல்லுங்கள்: அண்ணனை உட்காரவைத்து, பத்திரங்களைப் பார்த்து, எழுத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள், நான் வழக்கை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறேன் என்று. அதற்குத் தயாராக இல்லாதவர்களுக்கு வாபஸ் வாங்கச் சொல்லும் உரிமை இல்லை.

கேள்வி: கிருபையினால்தான் இரட்சிப்பு என்றால் இந்தக் கடமைகள் எல்லாம் எதற்கு? (கல்லூரி மாணவர்)

பதில்: மறுபடியும் பாதி வசனம். எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் 10-க்குப் போவதில்லை. நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. இதற்காக 16-ஆம் நூற்றாண்டில் சபையே இரண்டாகப் பிளந்தது. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: நம் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறது என்று. நீங்கள் பிறந்ததற்கு உங்கள் அம்மாவுக்குக் கட்டணம் கட்டவில்லை. அதனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் எழுந்து பார்க்க மாட்டீர்களா?

கேள்வி: இரவுப்பணி செய்கிற செவிலியர் நான். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றால் ஜெபத்தின் நடுவிலேயே தூங்கிவிடுகிறேன். ஒரு மாதமாக ஒரு ஜெபத்தையும் ‘ஆமென்’ வரை சொல்லி முடித்ததில்லை.

பதில்: ராத்திரி முழுவதும் நோயாளிகளோடு விழித்திருந்தவர் காலையில் தூங்குவதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், மகளே? எலியா சூரைச்செடியின்கீழ் விழுந்தபோது தேவதூதன் அவனை எழுப்பி முதலில் ஜெபம் பண்ணு என்று சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ணியபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், திட்டியதாக இல்லை. அதன்பிறகும் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறது, அது பிரசங்கிகளின் வியாதி.

முழங்காலில் நிற்க வேண்டாம், விழுந்து அடிபடும். படுத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். அன்றிரவு நீங்கள் பார்த்த நோயாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் தூங்கிப்போகிறீர்களோ, மறுநாள் அதற்கு அடுத்த பெயரிலிருந்து தொடங்குங்கள்.